தூங்குமூஞ்சி காத்த மூச்சு

அந்த ஓட்டலின் சலவைக்கூடத்தில் அவளுக்குப் பெயர் தூங்குமூஞ்சி. வைத்தவள் பட்டன் தைக்கிறவள். வைத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. நின்றுகொண்டே தூங்குவாள், மடித்துக்கொண்டே தூங்குவாள், மேற்பார்வையாளர் திட்டிக்கொண்டிருக்கும்போது அவர் முகத்தைப் பார்த்தபடியே தூங்குவாள். இரண்டு பேர் ஆளுக்கொரு முனையாகப் பிடித்துப் படுக்கை விரிப்பை மடிக்கிற வேலை அது. எதிர்முனைக்காரி ஒரு சுண்டு சுண்டினால் துணி வழியாக அதிர்வு வந்து இவளை எழுப்பிவிடும். எழுந்து, எதுவும் நடக்காததுபோல அடுத்த விரிப்பை எடுப்பாள்.

"ஊர்ல இருக்கறவன் எல்லாம் படுத்துப் புரண்ட துணி நம்ம கையில. ஆனா தூக்கம் மட்டும் இவ கண்ணுல" என்பாள் பட்டன்காரி. கூடமே சிரிக்கும். இவளும் சேர்ந்து சிரிப்பாள். விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க யாருக்குத் தெம்பு இருக்கிறது? அவள் கடைசியாக ஒரு முழு இரவு தூங்கி இருபது வருஷம் ஆகிறது. மகளுக்கு வயது இருபது.

மகளின் நோயை ஒரே வரியில் சொல்லிவிடலாம். தூங்கினால் மூச்சு விட மறந்துவிடுவாள். பிறந்த அன்றே பால் குடித்துக் கண்ணயர்ந்த குழந்தை நீலமாகிப்போனது. தட்டி எழுப்பினால் சிவக்கும், தூங்கினால் நீலம். இதயம் என்றார்கள், நுரையீரல் என்றார்கள், நாற்பத்தொரு நாள் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். கடைசியில் ஒரு வயதான டாக்டர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து சொன்னார்.

"நாம தூங்கும்போது மூச்சைப் பாத்துக்க மூளைக்குள்ள ஒரு ஆள் உண்டும்மா. உங்க குழந்தைக்கு அந்த ஆள் வேலைக்கு வரல. இனிமேலும் வரமாட்டார். ரொம்ப அபூர்வம். லட்சத்துல ஒண்ணுகூட இல்ல."

"அப்ப யாரு பாத்துக்கறது?"

"மெஷின் பாத்துக்கும். மெஷினை நீங்க பாத்துக்கணும்."

அப்படி ஆரம்பித்ததுதான். எட்டு வயதுவரை தொண்டையில் துளை போட்டு அதில் குழாய். அதன்பிறகு முகத்தில் மாஸ்க். படுக்கப்போகும்போது மாஸ்க்கை மாட்டி மெஷினை ஓடவிட வேண்டும், விரலில் ஆக்சிஜன் அளக்கிற கிளிப்பைச் செருக வேண்டும். மாஸ்க் கொஞ்சம் நழுவினாலும் மெஷின் கத்தும். கத்தினால் யாராவது எழுந்து சரிசெய்ய வேண்டும். சில நிமிஷம்தான் அவகாசம். பெண் தானாக எழமாட்டாள். மூச்சு நின்றால் நமக்கெல்லாம் நெஞ்சு முட்டி, திணறி, அடித்துப் பிடித்து எழுந்து உட்காருவோமே, அந்தத் திணறல் அவளுக்கு வராது. எத்தனை வேகமாகக் கத்தினாலும் அலாரமும் அவள் தூக்கத்தைக் கலைக்காது. அவள்பாட்டுக்கு நிம்மதியாகப் போய்விடுவாள். அந்த நிம்மதியை நினைத்தால்தான் அம்மாவுக்குக் குலை நடுங்கும்.

அப்பா அப்போது பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். முதல் வருஷம் இரண்டு பேரும் முறை வைத்துத்தான் விழித்தார்கள். பாதி இரவு அவர், பாதி இரவு இவள். ஒருநாள் காலை பாலத்தின்மேல் அவர் கண் சொக்கி, பஸ் கைப்பிடிச் சுவரை உரசிக்கொண்டே இருபதடி போய் நின்றது. யாருக்கும் ஒன்றுமில்லை. அன்று வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் சுவரில் சாய்ந்து நின்றார்.

அவள்தான் தீர்ப்புச் சொன்னாள். "நீங்க கண்ணசந்தா நாப்பது பேரு. நான் கண்ணசந்தா ரெண்டு பெட்ஷீட் கோணலாப் போகும். ராத்திரி எனக்கு. நீங்க தூங்குங்க."

அவர் மறுத்தார். அவள் விடவில்லை. மறுநாளிலிருந்து அவர் கூடத்தில் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தார். அறையில் மகளின் கட்டிலை ஒட்டித் தரையில் அவள். கையை மேலே நீட்டி மகளின் விலாவில் வைத்துக்கொண்டுதான் படுப்பாள். வலது தோள் இறங்கிப்போனது அதனால்தான். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு என்று பேச்சுக்குச் சொல்வோம். அவள் அப்படியேதான் வாழ்ந்தாள். அலாரத்தின் முதல் "கீ" முடிவதற்குள் எழுந்து நிற்பாள். "அந்தச் சத்தம் எனக்கு மட்டும்தான் கேக்கும். வேற யாருக்கும் அப்படிக் கேக்காது" என்று சொந்தக்காரர்களிடம் சொல்வதில் அவளுக்கு ஒரு பெருமைகூட இருந்தது. இருக்கட்டுமே. அவளுக்கு வேறு எந்தப் பெருமையை விட்டுவைத்தார்கள்?

பகலிலும் ஓய்வு கிடையாது. மகள் விழித்திருக்கும்போது மூச்சு வரும், ஆனால் எதிலாவது ஆழ்ந்துவிட்டால் அது மெலிந்துபோகும். கணக்குப் போடும்போது, படம் வரையும்போது, தொலைக்காட்சியில் முக்கியமான கட்டம் வரும்போது உதடு லேசாகக் கறுக்கும். "மூச்சு!" என்பாள் அம்மா. மகள் ஒரு மூச்சு இழுத்து விடுவாள். மறுபடி "மூச்சு!" சோறு வடித்துக்கொண்டே, துணி காயப்போட்டுக்கொண்டே, பக்கத்துவீட்டுக்காரியிடம் பேசிக்கொண்டே, வாக்கியத்தின் நடுவில் "மூச்சு!" என்று ஒரு அதட்டல் போட்டுவிட்டுத் தொடருவாள். பக்கத்துவீட்டுக்காரி ஆரம்பத்தில் தன்னைத்தான் சொல்கிறாள் என்று பயந்து இழுத்து விட்டிருக்கிறாள்.

ஒன்பது வயதில் நடந்ததை இன்றும் அவளால் ஆற அமர நினைக்க முடியாது. வகுப்பில் பிள்ளைகள் மூச்சடக்கும் பந்தயம் வைத்தார்கள். மற்றவையெல்லாம் முகம் சிவந்து, கன்னம் உப்பி, ஒவ்வொன்றாக "புஸ்" என்று விட்டுவிட்டன. இவள் மட்டும் பொம்மைபோல அமைதியாக உட்கார்ந்திருந்தாள். கைதட்டினார்கள். கைதட்டிக்கொண்டிருக்கும்போதே பெஞ்சிலிருந்து சரிந்தாள். டீச்சர் கன்னத்தில் தட்டி மூச்சு விடவைத்தார். பரிசாகக் கிடைத்த பென்சில் டப்பாவைச் சாயங்காலம் சிரித்துக்கொண்டே காட்டினாள்.

"உனக்கு நெஞ்சு முட்டலையாடி?"

"நெஞ்சு முட்டறதுன்னா என்னம்மா?"

அம்மா அந்த டப்பாவைப் பிடுங்கிக் குப்பையில் போட்டாள். பிறகு தானே எடுத்துக் கழுவிவைத்தாள். அன்றைக்கு அடித்துக்கொண்டு அழுத அழுகை அவளுக்கும் சமையலறைக்கும்தான் தெரியும்.

இப்போது விஷயத்துக்கு வருவோம். மகள் வரைபடக் கலை படித்து முடித்தாள். நில அளவை அலுவலகம் ஒன்றில் வரைபடம் வரைகிற வேலை கிடைத்துவிட்டது. ரயிலில் நாலு மணி நேரத் தொலைவிலுள்ள நகரம். வெள்ளிக்கிழமைக்குள் பதில் எழுத வேண்டும். மகள் ஏற்பாடெல்லாம் பண்ணித்தான் வைத்திருந்தாள். நர்ஸ்கள் தங்குகிற விடுதியாகப் பார்த்து அறை பிடித்து, கூட இருக்கப்போகிற நர்ஸிடம் மெஷினைப் பற்றியெல்லாம் பேசிவிட்டாள். அந்தப் பெண்ணும் சரி என்றுவிட்டது. அந்த நர்ஸுக்கு இரவு வேலை வருகிற நாளில் பக்கத்து அறைக்காரி வந்து படுப்பதாகவும் பேச்சு.

அம்மா ஒரே சொல்லில் முடித்தாள். "முடியாது."

"ஏம்மா?"

"அவளுக்குக் கேக்காது."

"நர்ஸும்மா அவ."

"நர்ஸ் சம்பளத்துக்கு முழிப்பா. தூங்கினா யாரா இருந்தாலும் தூக்கம்தான். எனக்குக் கேக்கற மாதிரி எவளுக்கும் கேக்காது."

மகள் கடிதத்தை மடித்து மெஷினுக்கு அடியில் வைத்தாள். சண்டை போடவில்லை. அம்மாவின் சம்மதம் இல்லாமல் அவள் கிளம்பமாட்டாள் என்பது இருவருக்குமே தெரியும். அதுதான் அம்மாவை அதிகமாக வாட்டியது. பெண் கத்தித் தீர்த்திருந்தால் அவளும் நாலு வார்த்தை திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பாள்.

இத்தனைக்கும் கடந்த இரண்டு மாதமாக வீட்டில் இரவுகள் லேசாகியிருந்தன. புதிதாக ஒரு மாஸ்க் வந்திருந்தது, ஓரத்தில் மெத்தென்று ரப்பர் வைத்தது. "என்ன மாஸ்க்குங்கற நீ! போட்டா நகர்றதே இல்ல. ரெண்டு மாசமா அலாரமே அடிக்கல" என்று அவள் பட்டன்காரி தொடங்கி பக்கத்துவீட்டுக்காரிவரை எல்லோரிடமும் புகழ்ந்தாள். அப்பாவுக்கு மட்டும் ஏனோ கண்ணைச் சுற்றிக் கருவளையம். பஸ் ஓட்டுவதை விட்டு டெப்போவில் நேரம் குறிக்கிற வேலைக்கு வந்து ஒரு வருஷமாகிறது. "நாற்காலியில உக்காந்து மணி பாக்கறதுக்கு இவ்வளவு கொட்டாவியா?" என்று அவள் கேலி செய்வாள். அவர் கொட்டாவியை விழுங்கிக்கொண்டு வெளியே போய்விடுவார்.

அந்த வாரம் புதன்கிழமை பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்தது. இந்த நோய்க்காரர்களின் மூளை எப்படி வேலை செய்கிறது என்று ஆராய்கிற ஒரு டாக்டரம்மா மகளை ஸ்கேன் எடுக்கக் கூப்பிட்டிருந்தார். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அம்மாவையும் எடுக்க வேண்டுமாம். "என் மூளையில என்ன இருக்கு, அழுக்குத்துணிதான் இருக்கும்" என்றாள். ஆனாலும் சலவைக்கூடத்தில் சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

ஆஸ்பத்திரிக்கு பஸ்ஸில் ஒன்றேகால் மணி நேரம். மெஷின் பையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் மகள், பக்கத்தில் அம்மா. பஸ்ஸில் மகள் தூங்கக்கூடாது என்பது வீட்டுச் சட்டம். அதனால் அம்மா வழியெல்லாம் கேள்வி கேட்டுக்கொண்டே வருவாள். அந்தக் கடை எப்ப மூடினான், அந்தச் சிவப்புக் கட்டடம் என்ன, காலையில குழாயை அடைச்சியா. மகள் ஊம் ஊம் என்று பதில் சொல்லிக்கொண்டே வந்தாள். இரண்டு பேரும் கடிதத்தைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை.

ஸ்கேன் அறைக்குள் இரும்பு எதுவும் போகக்கூடாது. மெஷின் பை கண்ணாடிக்கு இந்தப் பக்கம், கம்ப்யூட்டர்கள் இருக்கிற சின்ன அறையில் தங்கிவிட்டது. முதலில் மகள். உள்ளே படுத்ததும் விலாவைச் சுற்றி ஒரு பட்டை, விரலில் கிளிப், காதில் ஹெட்போன். ஸ்கேன்காரர் மைக்கில் "இப்ப முப்பது வினாடி மூச்சை அடக்குங்க" என்றார். அப்போது யாரும் பேசக்கூடாது என்று அம்மாவிடம் முன்பே சொல்லியிருந்தார்கள்.

முப்பது வினாடி. திரையில் மகளின் மூச்சுக்கோடு படுத்துக்கிடந்தது. அம்மா புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள். வாய்வரை வந்துவிட்ட அந்த ஒற்றைச் சொல்லைப் பல்லால் கடித்து நிறுத்தினாள். ஸ்கேன்காரர் "விடுங்க" என்று சொல்லிக் கோடு எழும்பியதும் அவளும் உஸ்ஸென்று விட்டாள். இதுபோல நாலு தடவை. முடியும்போது அவள் நெற்றியில் வியர்வை முத்துமுத்தாக நின்றது.

"உங்க பொண்ணு ஜாலியா இருக்காங்கம்மா. நீங்கதான் நோயாளி மாதிரி இருக்கீங்க" என்றார் ஸ்கேன்காரர்.

அடுத்தது அவள் முறை. உடுப்பிலிருந்து ஐந்து ஊக்குகளைக் கழற்றிவைத்தாள். மேஜையில் படுத்தாள். இருபது வருஷமாக மகளுக்குக் கட்டிவிட்ட பட்டையை, மாட்டிவிட்ட கிளிப்பை இப்போது மகள் அவளுக்கு மாட்டிவிட்டாள். இறுக்கமாக இருக்கிறதா என்று பட்டைக்கடியில் இரண்டு விரல் விட்டுப் பார்த்தாள். அம்மா பார்க்கிற மாதிரியே.

"நான் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கேன். உன் மூச்சு எனக்குத் தெரியும். நான் பாத்துக்கறேன். நீ பேசாம படு."

மேஜை உள்ளே போயிற்று. முதலில் மூச்சடக்கும் சோதனை ஒரு தடவை. பதினைந்து வினாடிக்குள் அவளுக்கு முட்டிக்கொண்டு வந்தது. எப்படியோ தாக்குப்பிடித்தாள். பிறகு ஸ்கேன்காரர் சொன்னார், "இப்ப எட்டு நிமிஷம் ஒண்ணும் பண்ண வேணாம். கண்ணைத் திறந்துக்கிட்டு மேல தெரியற புள்ளியைப் பாருங்க, போதும்."

ஒன்றும் பண்ண வேண்டாம். இதை அவளிடம் யாரும் சொன்னதில்லை. தகர ஷெட்டில் நாலு பேர் சுத்தியலால் அடிப்பதுபோல ஸ்கேன் மெஷின் தடதடவென்று சத்தம் போட ஆரம்பித்தது. புள்ளியைப் பார்த்தாள். புள்ளி இரண்டாகி, மூன்றாகி, கரைந்துபோனது.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் மகள்தான் முதலில் கவனித்தாள். அம்மாவின் மூச்சுக்கோடு மெதுவாக, நீளமாக, ஒரே சீராக ஏறி இறங்கியது.

"தூங்கிட்டாங்க" என்றாள்.

"சேச்சே. இந்தச் சத்தத்துலயா?" ஸ்கேன்காரர் எட்டு நிமிஷம் முடிந்ததும் மெஷினை நிறுத்தி மைக்கைத் திறந்தார். "அம்மா? ... அம்மா, கேக்குதா?" பதிலில்லை. மறுபடியும் கூப்பிட்டார். மைக் திறந்தே இருந்தது.

அப்போதுதான் மூலையிலிருந்த மெஷின் பை கத்தியது. பாட்டரி தீர்ந்துவிட்டதற்கான கத்தல். வீட்டில் மாஸ்க் நழுவினால் வருகிற அதே "கீ... கீ... கீ...". திறந்திருந்த மைக் வழியாக அது நேராக அம்மாவின் காதுக்குள் போயிற்று. மகள் பையை நோக்கி ஓடினாள், பாதியில் நின்றாள், திரும்பித் திரையைப் பார்த்தாள். கோடு ஏறியது, இறங்கியது. கண்ணாடிக்கு அப்பால் அம்மாவின் கால்விரல்கூட அசையவில்லை.

ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒன்பது கத்தல்வரை மகள் எண்ணினாள். பிறகு போய் அதை நிறுத்தினாள். அவள் கண்ணில் நீர் கோத்திருந்தது.

"போய் எழுப்பறேன்" என்று ஸ்கேன்காரர் எழுந்தார்.

"எழுப்பாதீங்க சார். அடுத்த ஆள் எப்ப வருவாங்க?"

"முக்கால் மணி இருக்கு. ஆனா சோதனை பாதியில நிக்குதே."

அதற்குள் டாக்டரம்மா உள்ளே வந்து திரையையும் மகளின் முகத்தையும் பார்த்தார். அவரும் வேலைக்குப் போகிற பெண்தான், முகத்தைப் பார்த்தால் புரியாதா? "இருக்கட்டும். விளக்கைக் குறைங்க" என்றார். மகள் ஒரு நாற்காலியைத் திரைக்கு நேராக இழுத்துப்போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

நாற்பத்திரண்டு நிமிஷம் கழித்து அம்மா விழித்தாள். விழித்ததும் வலது கை மேலே போய்க் காற்றில் துழாவியது. விலாவைக் காணோம். "மூச்சு!" என்று அலறிக்கொண்டு எழப்பார்த்தாள்.

காதுக்குள் மகளின் குரல் கேட்டது. "விட்டுக்கிட்டுத்தாம்மா இருக்கேன். நீயும் விட்டுக்கிட்டுத்தான் இருக்க. நிமிஷத்துக்குப் பதிமூணு."

வெளியே வந்து ஊக்குகளைக் குத்திக்கொள்ளும்போது அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. சலவைக்கூடத்தில் தூங்கலாம், இப்படி ஆஸ்பத்திரி மெஷினில் போயா தூங்குவது? "மன்னிச்சுக்குங்கம்மா, எல்லாத்தையும் கெடுத்துட்டேன்" என்றாள் டாக்டரம்மாவிடம்.

"பாதி கெட்டுப்போச்சு, நெசம்தான்" என்று சிரித்துவிட்டு டாக்டரம்மா ஒரு டீயை அவள் கையில் கொடுத்தார். "மீதி நல்லா வந்திருக்கு. பாருங்க." திரையில் இரண்டு மூளைகள் பக்கத்துப் பக்கத்தில். "இது நீங்க. மூச்சை அடக்கின கொஞ்ச நேரத்துலயே இந்த இடமெல்லாம் எப்படிப் பத்திக்குது பாருங்க. காத்து வேணும், காத்து வேணும்னு கூப்பாடு. இது உங்க பொண்ணு. அதே நேரம், அதே இடம். ரொம்ப மங்கல். அதுவும் தாமதமா. கூப்பாடு போடவேண்டிய இடம் சும்மா இருக்கு."

அம்மா டீயைக் குடிக்காமல் அந்த மங்கலான இடத்தையே பார்த்தாள்.

"இருபது வருஷமா அந்த இடத்துல நான்தாம்மா இருந்தேன்" என்றாள்.

டாக்டரம்மா தலையசைத்தார். பிறகு வேறொரு இடத்தைக் காட்டினார். "இங்க பாருங்க, இது யோசிச்சுச் செய்யற பகுதி. இது உங்க பொண்ணுக்கு நல்லா வேலை செய்யுது. முழிச்சிருக்கும்போது எண்ணி எண்ணி மூச்சு விடக் கத்துக்கிட்டிருக்கா. நீங்க கத்துக்குடுத்ததுதான். தூக்கத்துக்குத்தான் வழியில்ல. அதுக்கு மெஷினும் ஒரு ஆளும் வேணும்."

"அந்த ஆள்தான் நான்" என்றாள் அம்மா, மகளைப் பார்த்தபடி. வெள்ளிக்கிழமைக் கடிதத்துக்கான பதில் அது என்று இருவருக்கும் புரிந்தது.

தாழ்வாரத்துக்கு வந்ததும் மகள் பெஞ்சில் உட்கார்ந்தாள். "அம்மா, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத. நீ உள்ள தூங்கும்போது நம்ம மெஷின் அலாரம் அடிச்சுது. மைக் திறந்திருந்துச்சு. உன் காதுலயே அடிச்சுது. ஒம்போது தடவை."

"பொய் சொல்லாத."

"நீ அசையல."

"அது ஆஸ்பத்திரி. இத்தனை பேரு இருக்காங்கன்னு மனசு அசந்திருக்கும். வீட்டுல அப்படியா? ரெண்டு மாசமா அலாரமே அடிக்கல, மாஸ்க்..."

"அடிச்சுதும்மா."

அம்மா மகள் பக்கம் திரும்பினாள்.

"வாரத்துக்கு மூணு தடவையாவது அடிக்குது. உனக்குக் கேக்கல. அப்பாதான் வந்து சரிபண்றார். முதல் தடவை கூடத்துலருந்து ஓடிவந்து பாத்தா நீ என் கட்டிலுக்குக் கீழ அடிச்சுப்போட்ட மாதிரி தூங்கிட்டிருந்தியாம். அன்னியிலருந்து கதவைத் திறந்துவச்சுத்தான் படுக்கறார். எங்கிட்டச் சொன்னார். உங்கிட்டச் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டார்."

கருவளையம், கொட்டாவி, புது மாஸ்க் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. ஊரெல்லாம் ஒரு ரப்பர் துண்டைப் புகழ்ந்துகொண்டு திரிந்திருக்கிறாள்! அவமானமாக இருந்தது, ஆத்திரமாக இருந்தது. அதையெல்லாம் தாண்டி ஒரு பயம். அவர் எழாமல் இருந்திருந்தால்? போனை எடுத்து டெப்போவுக்குப் போட்டாள்.

"என்னங்க, ரெண்டு மாசமா என்ன நாடகம் ஆடிக்கிட்டிருக்கீங்க?"

அந்தப் பக்கம் ஒரு பஸ் உறுமிக்கொண்டு போனது.

"சொல்லிட்டாளா?" என்றார்.

"எழுப்பியிருக்கலாம்ல என்னை?"

"எழுப்பத்தான் வந்தேன். மூஞ்சியைப் பாத்தேன். மனசு வரல." தொண்டையைச் செருமிக்கொண்டார். "பத்தொம்போது வருஷம் என்னைத் தூங்கவச்ச. ரெண்டு மாசம் நான் முழிச்சா குறைஞ்சா போயிடுவேன்? எனக்கும் கேக்குது அந்தச் சத்தம். முதல்ல கேக்காதுன்னுதான் நானும் நினைச்சேன். உன் பக்கம் ஓஞ்சுபோனதும் கேக்க ஆரம்பிச்சிடுச்சு."

அவள் போனை வைத்துவிட்டாள். பெஞ்சில் மகளுக்குப் பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்தாள். இருபது வருஷத்தின் பாரமும் அப்போதுதான் உடம்பில் இறங்கியதுபோல முதுகு வளைந்துபோயிற்று. எதிரே ஒரு துப்புரவுத் தொழிலாளி தரையைத் துடைத்துக்கொண்டே வந்து "கால்" என்றார். இரண்டு பேரும் காலைத் தூக்கினார்கள். அவர் போனபிறகு இறக்கினார்கள்.

"உனக்கு மட்டும்தான் கேக்கும்னு சொன்னேல்ல? அப்பாவுக்கும் கேக்குது" என்றாள் மகள் மெல்ல. "நான் இங்கயே இருந்தா நீங்க ரெண்டு பேரும் மாத்தி மாத்தி ஓஞ்சுபோவீங்க. எனக்கு மூச்சு முட்டாதும்மா, தெரியும்ல? ஆனா இதை நினைச்சா எனக்கு முட்டுது."

அம்மா எழுந்தாள். பையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. மகள் ஜன்னலோரம். பஸ் கிளம்பிக் கொஞ்ச தூரம் போயும் அம்மா ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மூடின கடையும் சிவப்புக் கட்டடமும் கடந்து போயின. மகளுக்கே அது என்னவோபோல் இருந்தது. கோபமாகத்தான் இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டாள்.

"அந்த நர்ஸ்" என்றாள் அம்மா திடீரென்று. "எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பா?"

"தெரியலையேம்மா."

"உன் பக்கம் திரும்பிப் படுக்கச் சொல்லு. போய் ஒரு வாரம் நான் உன்கூட அங்க இருப்பேன். ரெண்டாவது நாள் ராத்திரி மாஸ்க்கை நானே கழட்டிவிடுவேன். அவ எழறாளான்னு பாப்பேன். எழுந்தா விட்டுட்டு வரேன். எழலைன்னா பொட்டியைக் கட்டு, ரெண்டு பேரும் வந்துருவோம்."

மகள் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் அவளைப் பார்த்தாள்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் போடணும்ல? இன்னிக்கே எழுதிடு. எழுதும்போது..."

"மூச்சு விடறேன்."

"ஆங்."

பஸ் பாலத்தின்மேல் ஏறியது. அப்பா கண்ணயர்ந்து உரசிக்கொண்டே போன அதே பாலம். கைப்பிடிச் சுவருக்கு எத்தனையோ முறை வெள்ளையடித்துவிட்டார்கள். அம்மா மகளின் மடியிலிருந்த பையைத் தன் மடிக்கு மாற்றிக்கொண்டாள். பிறகு, இறங்கிப்போன வலது தோளை மகளின் தோளில் சாய்த்து, தலையையும் அதன்மேல் வைத்தாள்.

"நீ தூங்கிடாத" என்றாள், கண்ணை மூடிக்கொண்டு. "நம்ம ஸ்டாப் வந்தா என்னை எழுப்பு."